ஓடப் போகிற நாளில்தான் முட்டை கிடையாது

பள்ளி விளையாட்டுப் போட்டிகளைக் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று வருஷம் தவறாமல் நடத்துகிற கல்வித் துறை, விளையாட்டு மேம்பாட்டு ஆணைய அதிகாரிகள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் 31 வருஷம் அரசுப் பள்ளியில் பி.டி. டீச்சராக, அதாவது உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு என்று பெயர்தான். இப்போதும் விடியற்காலை ஐந்தேகாலுக்குக் கண்மாய்க்கரைப் பொட்டலில் 22 பிள்ளைகளோடு நிற்கிறேன். அப்பா கொத்தனார் வேலைக்குப் போவார், அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்கோ நூறு நாள் வேலைக்கோ போவார், அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள். ஷூ கேட்டோ சிந்தெடிக் டிராக் கேட்டோ இந்த மடலை எழுதவில்லை. அதற்கெல்லாம் எழுதிய மனுக்களின் நகல் ஒரு கட்டு என் பீரோவில் இருக்கிறது, அது அங்கேயே இருக்கட்டும். இப்போது கேட்பது சோறும் தண்ணீரும்.

போன வருஷம் ஒரு தடகளப் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். எந்த மாவட்டம், எந்த மைதானம் என்று சொல்லப் போவதில்லை, சொன்னால் அந்த ஒரு மைதானத்தில் மட்டும் நாலு தண்ணீர் கேனை இறக்கிவிட்டு விஷயத்தை முடித்துவிடுவீர்கள். ஆறரைக்கு மைதானத்தில் இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை. எங்கள் ஊரிலிருந்து அதற்கு நாலேகால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நாலேகாலுக்கு எந்த வீட்டில் அடுப்பு எரியும்? பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆளுக்கொரு டீ, சிலருக்கு ஒரு வடை. அப்புறம் செஸ்ட் நம்பருக்கு வரிசை, வயதுச் சான்றுக்கு வரிசை, சிறப்பு விருந்தினர் வரும்வரை அணிவகுப்பில் நிற்பது. அவர் வந்து, கொடியேற்றி, புறா விட்டு, பேசி முடிக்கவே பத்தரை ஆகிவிட்டது. (புறாவுக்குக் கூண்டுக்குள் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்திருந்தார்கள். பார்த்தேன், அதனால் சொல்கிறேன்.)

எங்கள் பிள்ளை ஒன்பதாம் வகுப்பு, 3000 மீட்டர். பெயரைக் கூப்பிட்டபோது மணி பன்னிரண்டே முக்கால். ஏழரைச் சுற்று. ஐந்தாவது சுற்று வரை முதல் மூன்று பேருக்குள் இருந்தவள் அதற்குமேல் காலை இழுத்து இழுத்து ஓடி நாலாவதாக வந்து, கோட்டைத் தாண்டி நாலு எட்டு வைத்து மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ ஓடிவந்து அவள் உள்ளங்கையில் குளுக்கோஸ் பொடியைக் கொட்டினார்கள். நக்கினாள், இரண்டு நிமிஷத்தில் வாந்தி எடுத்தாள். வந்தது வெறும் தண்ணியாக, டீ நிறத்தில். உதட்டைச் சுற்றிக் குளுக்கோஸ் மாவு, கன்னத்தில் வியர்வை காய்ந்த உப்புக் கோடு. பக்கத்தில் அவள் கொண்டுவந்த ஒரு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில், வீட்டுத் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்தது, கழுத்துக்குக் கீழே ஒரு விரல்தான் குறைந்திருந்தது.

"தண்ணி வச்சுக்கிட்டே ஏன்டி குடிக்கல?"

"பாத்ரூம் பூட்டிக் கிடக்கு டீச்சர்."

காலை நாலு மணியிலிருந்து பன்னிரண்டே முக்கால் வரை அந்தப் பிள்ளை வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறாள். மற்ற பிள்ளைகளிடம் கேட்டேன், எல்லாப் பெண் பிள்ளைகளும் அதையேதான் செய்திருந்தார்கள். மாதவிலக்கு நாளாக இருந்த ஒருத்தி முந்தின நாள் ராத்திரியே தண்ணீரை நிறுத்திவிட்டாளாம். 31 வருஷம் இந்த வேலை பார்த்த எனக்கே இது அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது என்பதை வெட்கத்தோடுதான் சொல்கிறேன். "நிறையத் தண்ணீர் குடிங்க" என்று நானும் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், குடித்த தண்ணீரை எங்கே போய் விடுவது என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. கழிப்பறைச் சாவி யாரிடம் என்று அன்று விசாரித்துப் பார்த்தேன். வாட்ச்மேன் அலுவலகத்தில் கேட்கச் சொன்னார், அலுவலகத்தில் வாட்ச்மேனைக் கேட்கச் சொன்னார்கள்.

சரி, இன்னொன்றும் சொல்கிறேன், இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. அன்று வேலை நாள். பள்ளியில் சத்துணவு உண்டு. அவள் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் அந்நேரம் தக்காளி சாதமும் முட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பள்ளியின் பெயரை நெஞ்சில் எழுதிக்கொண்டு பள்ளிக்காக ஓடப் போன பிள்ளைக்கு மட்டும் அன்று அந்த முட்டை கிடையாது. பள்ளியில் சும்மா உட்கார்ந்திருந்தால் கிடைத்திருக்கும்.

நம் மாநிலத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. காமராஜர் காலத்து மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு, பிறகு அதில் சேர்ந்த முட்டை, இப்போது வாரத்துக்கு ஐந்து முட்டை என்று ஒவ்வொரு ஆட்சியும் தன் பங்குக்கு ஏதோ ஒன்றைத் தட்டில் வைத்துக்கொண்டேதான் வந்திருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது நான் டிவி முன்னால் உட்கார்ந்து அழுதேன், பொய் சொல்லவில்லை. ஆனால் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது, சத்துணவு பத்தாம் வகுப்போடு. விளையாட்டுப் பிள்ளை என்று நாம் சொல்வது யாரை? ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படிக்கிறவர்களை. எலும்பு நீள்கிற, சதை பிடிக்கிற, பெண் பிள்ளை பெரியவளாகிற வயசு அதுதான். பிளஸ் ஒன் போனவுடன் மதியச் சோறும் இல்லை. சனி ஞாயிறு இல்லை, மே மாத விடுமுறையில் இல்லை. நாங்கள் அதிகமாக ஓடவைப்பதோ சனி, ஞாயிறு, மே மாதம். ஆக, உடம்பு அதிகமாகக் கேட்கிற நாளில்தான் தட்டு காலியாக இருக்கிறது.

இதை எழுதினால் "விடுதியில் சேர்த்துவிடுங்கள், அங்கே எல்லாம் உண்டு" என்று ஒரு பதில் வரும். விளையாட்டு விடுதிகளில் சாப்பாடு உண்டு, தெரியும், என் பிள்ளைகள் நாலு பேர் அங்கே போய்த் தேறியிருக்கிறார்கள். ஆனால் விடுதிக்குப் போக மாவட்டத்திலோ மண்டலத்திலோ ஏதாவது ஜெயித்திருக்க வேண்டுமே. ஜெயித்தால் சோறு என்கிறீர்கள், சோறு இருந்தால் ஜெயிப்பாள் என்கிறேன். புதுக்கோட்டை கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைக் குடும்பத்தில் பிறந்த சாந்தி 2006இல் தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஓடியதையும், மதுரைப் பக்கம் பாட்டி வளர்த்த ரேவதி வெறுங்காலோடு ஓட ஆரம்பித்து டோக்கியோ ஒலிம்பிக் வரை போனதையும் மேடைக்கு மேடை சொல்கிறோம். சொல்லலாம், பெருமைதான். ஆனால் பட்டினியையும் மீறி மேலே வந்த ஒன்றிரண்டு பேரைக் காட்டி, பட்டினியால்தான் அவர்களுக்கு வைராக்கியம் வந்தது என்கிற மாதிரி பேசுகிறபோது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒன்பதாம் வகுப்பிலேயே ஓட்டத்தை விட்டுவிட்டுப் போன பிள்ளைகளின் பெயர் எனக்குத்தான் தெரியும், பேப்பரில் வராது.

அந்தப் போட்டிக்கு அடுத்த வாரம் ஒரு வேலை செய்தேன். எடை பார்க்கிற மிஷின் இல்லாததால் பழைய பேப்பர் கடை அண்ணாச்சியிடம் கெஞ்சி அவருடைய எலக்ட்ரானிக் தராசைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, பயிற்சிக்கு முன்னால் ஒருதடவை, முடிந்து வியர்வையைத் துடைத்த பிறகு ஒருதடவை பிள்ளைகளை ஏற்றி இறக்கினேன். 40 கிலோப் பையன் ஒருவன் ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் ஒரு கிலோ இறங்கியிருந்தான். அந்த ஒரு கிலோவும் கொழுப்பு இல்லை, முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான். உடம்பு எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு தண்ணீர் குறைந்தாலே ஓட்டம் தளரும் என்று பயிற்சியாளர் வகுப்பில் எங்களுக்குப் பாடம் எடுத்தவர்களே நீங்கள்தான். இவன் இரண்டரைப் பங்கு இழந்திருக்கிறான், அதுவும் விடியற்காலையில். அப்படியானால் மதியம் பன்னிரண்டே முக்கால் வெயிலில் மூன்று கிலோமீட்டர் ஓடியவளின் கதி என்ன?

இப்போது எங்கள் பொட்டலில் நடப்பதைச் சொல்கிறேன். வந்தவுடன் ஆளுக்கு ஒரு டம்ளர் நீராகாரம், முந்தின ராத்திரிச் சோற்றில் ஊற்றிய தண்ணீர், உப்புப் போட்டு, இரண்டு சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ள. ஆரம்பத்தில் சில பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள், பழைய சோறு என்றால் ஏழை வீட்டுச் சாப்பாடு என்று அவர்களுக்கே ஒரு கூச்சம். இப்போது இரண்டாவது டம்ளருக்குச் சண்டை. நடுவில் எலுமிச்சை பிழிந்து உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் போட்ட தண்ணீர். யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால் மட்டும் அளவு தவறாமல், ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலைதட்டி. வெறும் தண்ணீரையே மடமடவென்று குடித்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது, அதனால்தான் இந்த உப்பு. பயிற்சி முடிந்ததும் ஊறவைத்து அவித்த கொண்டைக்கடலை ஒரு கை, அவித்த முட்டை ஒன்று, வாழைப்பழம் ஒன்று. முட்டை சாப்பிடாத வீட்டுப் பிள்ளைகளுக்கு வறுத்த நிலக்கடலை கூடுதல். ஞாயிற்றுக்கிழமை கேழ்வரகுக் கூழ். ஒரு பிள்ளைக்கு ஒரு காலைக்கு 20 ரூபாய்க்குள் முடிகிறது. என் பென்ஷனிலிருந்து பாதி, மீதி எங்கள் ஊர் மளிகைக்கடைக்காரர், வெளியூரில் வேலை பார்க்கிற பழைய மாணவர்கள் சிலர். புரோட்டீன் பவுடர் டப்பாவுக்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறான். அதற்குள் என்ன கலந்திருக்கிறது என்பது கடைக்காரனுக்கும் தெரியாது, நாளைக்கு ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினால் பிள்ளைதான் தலை குனிந்து நிற்க வேண்டும். அந்த டப்பாவை யாராவது இலவசமாகக் கொடுத்தால்கூட வாங்காதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்தக் கலர் டப்பா ஜூஸ் கதை தனி. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற உப்பு-சர்க்கரைக் கரைசலின் பெயரான "ஓ.ஆர்.எஸ்." என்பதைப் பெரிசாக அட்டையில் போட்டு மருந்துக்கடையில் விற்றார்களே, அதைப் போட்டிக்குப் போகும்போது வாங்கிக் கொடுத்தால் நல்லது என்று நம்பி நானே பலதடவை கைக்காசு போட்டு வாங்கியிருக்கிறேன். சர்க்கரைதான் தூக்கலாக இருந்தது. உண்மையான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவில் உப்பும் குளுக்கோஸும் இருக்கும், இவற்றில் அந்த அளவு கிடையாது. ஹைதராபாத்தில் சிவரஞ்சனி சந்தோஷ் என்ற குழந்தை மருத்துவர் வருஷக்கணக்கில் ஒற்றை ஆளாகக் கத்தி, 2025 அக்டோபரில்தான் அந்த எழுத்துகளை இப்படிப்பட்ட பானங்களில் போடக்கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சும்மா கொடுக்கிற பொட்டலத்தை விட்டுவிட்டு நாம் அதற்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம், என்னத்தைச் சொல்ல.

பிள்ளைகளுக்குச் சிறுநீர் நிறம் பார்க்கவும் பழக்கியிருக்கிறேன். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எலுமிச்சை ஜூஸ் நிறம் என்றால் சரி, டீ டிகாஷன் நிறம் என்றால் அன்று ஓட்டம் கிடையாது, நிழலில் உட்கார்ந்து குடி. இப்போது பையன்களே "டீச்சர், இன்னைக்கு டிகாஷன்" என்று தூரத்திலிருந்தே கத்துகிறார்கள், ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

இரத்தசோகை பற்றியும் சொல்லியாக வேண்டும். பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை என்று தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பே சொல்கிறது, நம் மாநிலமும் அதில் தப்பவில்லை. ஓடும்போது மூச்சு வாங்குகிற பிள்ளையைப் பார்த்து "ஸ்டாமினா பத்தாது, இன்னும் ரெண்டு ரவுண்டு போ" என்று நான் விரட்டியிருக்கிறேன். அவளுக்குத் தேவைப்பட்டது இரண்டு ரவுண்டு இல்லை, இரும்புச் சத்து. பள்ளியில் வாராவாரம் கொடுக்கிற நீல நிற மாத்திரை நல்ல மாத்திரைதான், ஆனால் அதை வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டல் வந்து பாதிப் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே எறிகிறார்கள், மீதிப் பேர் போட்ட கையோடு டீ குடித்து அந்த இரும்பு உடம்பில் சரியாகச் சேராமல் செய்துவிடுகிறார்கள். பள்ளிக்கு வருகிற நடமாடும் மருத்துவக் குழு, பட்டியலில் உள்ள விளையாட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமாவது ஆறு மாதத்துக்கு ஒருதடவை ஹீமோகுளோபின் பார்த்து, வந்த அளவை அந்தப் பள்ளி பி.டி. டீச்சரிடம் சொன்னால் போதும். விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு இரத்தம், அவ்வளவுதான்.

கபடி, ஜூடோ, குத்துச்சண்டைக்காரப் பையன்கள் தங்கள் எடைப் பிரிவுக்குள் நிற்பதற்காக இரண்டு நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல், எச்சிலைத் துப்பிக்கொண்டே திரிவதும் உங்களுக்குத் தெரியாததில்லை. எடை பார்க்கிற மேஜைக்குப் பக்கத்திலேயே ஒரு கேன் மோரை வையுங்கள், இறங்கியவுடன் குடிக்கட்டும். இப்போதைக்கு அதற்குமேல் என்னிடமும் யோசனை இல்லை.

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை, பெரிய திட்டம் என்றால் கோப்பு கோட்டைக்குப் போய் வர என் ஆயுசு போதாது. போட்டி எந்தப் பள்ளியில் நடக்கிறதோ அந்தப் பள்ளியில் சத்துணவுக் கூடம் இருக்கிறது, அமைப்பாளர் இருக்கிறார், சமையலர் இருக்கிறார், அண்டா இருக்கிறது. எந்தப் பள்ளியிலிருந்து எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்று ஆன்லைனில் பெயர் பதிந்தபோதே உங்களுக்குக் கணக்கு வந்துவிடுகிறது. அந்தந்தப் பள்ளியில் அன்று அந்தப் பிள்ளைக்கு ஒதுக்கிய அரிசி, பருப்பு, முட்டையை இந்தப் பள்ளிக் கணக்குக்கு மாற்றிவிட ஒரு உத்தரவு போதாதா? பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு இல்லையென்றால் அவர்களுக்கு மட்டும் போட்டிச் செலவில் சேருங்கள். கொடி, பந்தல், பொன்னாடை, மைக் செட் என்று அந்தச் செலவுப் பட்டியலை நானே எத்தனையோ தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன், எதைக் குறைத்தால் எத்தனை முட்டை வரும் என்று எனக்குத் தெரியும். ஓட்டத்துக்கு முந்தி வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது என்பதால் காலையில் வந்தவுடன் இட்லியோ வெண்பொங்கலோ, ஓடி முடித்தபின் சத்துணவு, நடுவில் வாழைப்பழம். அவ்வளவு போதும்.

அப்புறம் நேரம். 1500, 3000 மீட்டர் ஓட்டம், நடைப் போட்டி இவற்றையெல்லாம் எட்டரைக்குள் முடியுங்கள், இல்லையென்றால் நாலு மணிக்குமேல் வையுங்கள். நடுமதியத்தில் குண்டு எறிதல், நீளம் தாண்டுதல் வைக்கலாம், அவர்களுக்காவது முறை வரும்வரை நிழலில் நிற்க வழி உண்டு. சிறப்பு விருந்தினருக்குச் சௌகரியமான நேரம் பத்து மணிதான் என்றால் அவர் பத்து மணிக்கே வரட்டும், ஓட்டம் அவருக்காகக் காத்திருக்க வேண்டாம். கேரளாவில் 2019இல் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கவென்றே பள்ளியில் மணி அடிக்க ஆரம்பித்தார்கள். மைதானத்தில் மைக் வைத்துக்கொண்டு "மூன்றாவது அழைப்பு, இறுதி அழைப்பு" என்று நாள் முழுக்கக் கத்துகிறோமே, மணிக்கு ஒருதடவை "எல்லோரும் தண்ணீர் குடிங்க" என்று சேர்த்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை திறந்திருக்க வேண்டும். வாளியில் தண்ணீர், உள்ளே தாழ்ப்பாள், நாப்கின் போட ஒரு மூடி போட்ட கூடை, வாசலில் ஒரு ஆயாம்மா. இது இல்லாமல் நீங்கள் நூறு கேன் இறக்கினாலும் ஒரு பிள்ளையும் குடிக்காது.

அந்த 3000 மீட்டர் பிள்ளை இப்போது பத்தாம் வகுப்பு. தினமும் வருகிறாள், இரண்டு டம்ளர் நீராகாரம், முட்டையில் மஞ்சள் கரு பிடிக்காது, அதைத் தம்பிக்கு மடித்துக் கொண்டுபோகிறாள். "நீயே தின்னுடி" என்று நான் திட்டுவதும் "சரி டீச்சர்" என்று அவள் பாவாடைப் பாக்கெட்டில் போடுவதும் தினமும் நடக்கிறது. ஒரு முட்டை ஒரு வீட்டில் இரண்டாகத்தான் போகும் என்பது புரிந்து இப்போதெல்லாம் அவளுக்கு இரண்டாகவே கொடுத்துவிடுகிறேன்.

இந்த வருஷப் போட்டி அறிவிப்புக்காகக் காத்திருக்கிறேன். நீங்கள் உத்தரவு போட்டாலும் போடாவிட்டாலும் ஆறரைக்கு நான் கேட்டில் நிற்பேன், ஒரு கேன் எலுமிச்சைத் தண்ணீர், ஒரு கேன் மோர், ஒரு தூக்குவாளி கொண்டைக்கடலையோடு. போன தடவை மாதிரி வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று வாட்ச்மேன் என்னைத் தடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கும் என்பதை மட்டும் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், நானே போய் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு பி.டி. டீச்சர்